உப்புத்தாளா, பெல்ட் மெஷினா, ரோபோ கையா? தேய்ப்பு வேலையை எதனிடம் கொடுக்கலாம்

மரம் அறுக்க ஆள் கிடைக்கிறது. இழைக்க, பொருத்த, பாலிஷ் போடக்கூடத் தேடினால் கிடைத்துவிடுகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சாண்டர் என்கிற தேய்ப்பு மெஷினும் உப்புத்தாளும் பிடித்து நிற்கிற வேலைக்கு மட்டும் வருகிறவர்கள் நிலைப்பதில்லை. ஆறு மாதம் நின்று தேய்த்துக் கை பழகிய பிறகு, வேறு வேலை கிடைத்தது என்று போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் நாற்காலியும் கதவும் செய்கிற சிறிய பட்டறை எங்களுடையது. தேய்ப்புக்கு ரோபோ வாங்கலாமா என்று கொஞ்ச காலமாக விசாரித்து, எங்கள் இருக்கைப் பலகையையே கொண்டுபோய்த் தேய்க்கச் சொல்லியும் பார்த்தாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டதை மற்ற வழிகளோடு பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், தேய்ப்பு என்று ஒரே பேரில் சொன்னாலும் உள்ளே நாலைந்து தனி வேலைகள் இருக்கின்றன. மேசைப் பலகை போலத் தட்டையானது ஒன்று. சட்டமும் பலகையும் பொருத்திய கதவு இன்னொன்று. வளைந்த நாற்காலிக் கால், குழிந்த இருக்கை வேறு. பாலிஷுக்கு முன் சீலர் என்கிற அடிப்பூச்சு அடித்த பிறகு மேலே லேசாகத் தடவி எடுக்கிற தேய்ப்பு தனி. அப்புறம் செதுக்கு வேலை. ரோபோ விற்கிறவர் காட்டும் வீடியோவில் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும், அது உங்கள் பட்டறையில் அதிக நேரம் தின்கிற ஒன்றாக இருக்குமா என்பது வேறு விஷயம். ஒரு வாரம் நோட்டுப் போட்டு, எந்த வகைக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிப் பாருங்கள். நான் நாற்காலிதான் நேரத்தைத் தின்கிறது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தபோது தட்டைப் பலகைகள்தான் முதலில் நின்றன.

சரி, கையில் பிடிக்கிற, உப்புத்தாள் ஒட்டிய வட்டம் சுழன்று தேய்க்கிற ஆர்பிட்டல் சாண்டரிலிருந்து வருவோம். இதோடு போட்டி போடுவது எளிதில்லை. விலை குறைவு, எந்த வடிவத்துக்கும் போகும், பழகிய ஆள் பிடித்தால் கண்ணும் உள்ளங்கையும் கூடவே வேலை செய்யும். எங்கள் மேஸ்திரி அண்ணன் பலகையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பார்த்து, உள்ளங்கையால் தடவி, இங்கே பள்ளம் இருக்கிறது என்று விரலை வைத்தால் அங்கே பள்ளம் இருக்கும். பசை வழிந்து காய்ந்த இடத்தைப் பார்த்தால் சாண்டரை நிறுத்திவிட்டு உளியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தேய்ப்பார். இதையெல்லாம் அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆனால் பல பட்டறைகளில் இந்தச் சாண்டரையே ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை, எங்களிடமும் அந்தக் குறை இருந்தது. 80 நம்பர் தாளில் ஆரம்பித்து நேராக 240-க்குத் தாவுவது, தாள் மழுங்கிய பிறகும் அழுத்தித் தேய்ப்பது, தூசிப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது. 80 நம்பர் தாளின் துகள் கிட்டத்தட்ட 200 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு, 240 நம்பரில் சுமார் 58 மைக்ரான். அந்தப் பெரிய கீறலை இந்தச் சின்னத் துகளால் அழிக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும், யாரும் அவ்வளவு நேரம் தேய்ப்பதில்லை. அதனால் ஸ்டெயின் என்கிற மரச்சாயம் போட்டதும் சுருள் சுருளாகக் கீறல் எழுந்து நிற்கும். 120, 180 என்று படிப்படியாகப் போனால் மொத்த நேரம் குறைகிறது. தேக்குக்கு எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, தாளின் பல்லைச் சீக்கிரம் அடைத்துவிடும். மேலே அடைப்பைத் தடுக்கிற பூச்சு உள்ள தாளோ வலைத் தாளோ வாங்கினால் அந்தத் தொல்லை பாதியாகும். இதைச் சரிசெய்யாமல் ரோபோவுக்குப் போனால், தப்பான தேய்ப்பை அது அலுக்காமல் செய்துகொண்டே இருக்கும்.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. மூக்கு உள்ளறையிலும் அதை ஒட்டிய எலும்பு அறைகளிலும் வருகிற புற்றுநோய் அது. தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். கைக்கு வருகிற அதிர்வு இன்னொரு பக்கம், வருடக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போகும், குளிரில் வெளுத்துப்போகும். ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டின் சட்டம் இந்த அதிர்வுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பே போட்டிருக்கிறது. நம் ஊரில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்க்கிறார்கள். துண்டு நுண்தூசியைத் தடுக்காது. ரோபோ வேண்டுமா என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே கூலிக் கணக்குக்காக இல்லை, இதற்காகத்தான்.

அடுத்தது அகலப் பெல்ட் மெஷின், அகலமான உப்புத்தாள் பட்டை உருளைகளில் ஓடுகிற வகை. பலகையை ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் மறுபக்கம் ஒரே கனத்தில் தேய்ந்து வெளியே வரும். பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப், ஒட்டிச் சேர்த்த மேசைப் பலகை, எல்லாவற்றுக்கும் இதன் பக்கத்தில் எந்த ரோபோவும் வர முடியாது. ஆர்பிட்டல் சாண்டரைப் பிடித்த ரோபோ கை ஒரு பலகையைக் கோடு கோடாகத் தடவி முடிப்பதற்குள் பெல்ட் மெஷின் பல பலகைகளைத் துப்பியிருக்கும். தட்டைப் பலகைக்கு ரோபோ வாங்குவது பணத்தை வீணாக்குவது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கும் எல்லை உண்டு. கதவுச் சட்டத்தில் நெடுக்குச் சட்டத்தின் மர ரேகை ஒரு திசை, குறுக்குச் சட்டத்தின் ரேகை வேறு திசை. பெல்ட் ஒரே திசையில் ஓடுவதால் குறுக்குச் சட்டத்தில் ரேகைக்கு எதிராகக் கீறல் விழும், அதைப் பிறகு ஆர்பிட்டலால் எடுத்தே ஆக வேண்டும். வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகை என்றால் இன்னும் பயம். வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான், உருளையின் அமைப்பு கொஞ்சம் தவறினால் உள்ளே இருக்கிற பிளைவுட் தெரிந்துவிடும். ஒருமுறை அப்படி ஒரு சாப்பாட்டு மேசையின் மேற்பலகை முழுவதையும் இழந்தேன். இன்னொன்று, இந்த மெஷினுக்குத் தனியாகப் பெரிய தூசி உறிஞ்சி வேண்டும், குழாயில் காற்று நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் போகாவிட்டால் தூள் வழியிலேயே தங்கும். தங்கிய தூள் வெடிக்கும் சரக்கு. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு மர ஆலைகள் சில மாத இடைவெளியில் மரத்தூசி வெடித்து அழிந்தன, இரண்டிலும் உயிர் போனது. கம்ப்ரசர் காற்றால் ஊதிப் பட்டறையைச் சுத்தம் செய்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இடமும் மின்சாரமும் போதாது என்றால், பெல்ட் மெஷின் வைத்திருக்கிற பக்கத்துப் பட்டறையில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்கலாம். சிறிய பட்டறைக்கு இதுதான் பல நேரம் நல்ல வழி, ஏனோ இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. பிரஷ் மெஷினும் உண்டு. உப்புத்தாள் கீற்றுகளுக்குப் பின்னால் கற்றாழை வகை நாரை முட்டுக் கொடுத்து உருளையில் சுற்றியிருப்பார்கள், அது பள்ளம் மேடுகளுக்குள் நுழைந்து தடவும். சட்ட விளிம்பு, சீலருக்குப் பிந்தைய தேய்ப்பு இவற்றுக்கு அருமை. மேடு பள்ளத்தைச் சமப்படுத்த அதனால் ஆகாது.

இனி ரோபோ. சிறிய பட்டறைக்கு எட்டுவது கோபாட் என்கிற வகை, மனிதருக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிற கை. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005-இல் தொடங்கிய யூனிவர்சல் ரோபாட்ஸ் 2008-இல் முதல் கையை விற்றது, இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன. கையின் நுனியில் ஆர்பிட்டல் சாண்டர், மணிக்கட்டில் அழுத்தத்தை அளக்கிற உணரி. போகிற பாதையைக் கையைப் பிடித்து நகர்த்தியே கற்றுக்கொடுக்கலாம், கணினி நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ரோபோவை ஓட்டிக் காட்டிய நாளில் எங்கள் மேஸ்திரி அண்ணன்தான் அதன் கையைப் பிடித்து இருக்கைப் பலகை மேல் நகர்த்தினார், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

முதல் பலகை சரியாக வரவில்லை. நடுவில் நன்றாக இருந்தது, விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டது. காரணம் தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பிரமிப்பாகவே இருந்தது. ரோபோ எப்போதும் ஒரே அழுத்தம் கொடுக்கிறது. சாண்டரின் வட்டம் பாதி வெளியே தொங்கும்போதும் அதே அழுத்தம், ஆனால் மரத்தைத் தொடுகிற பரப்பு பாதி, ஆகவே விளிம்பின் மேல் இரண்டு மடங்கு விழுகிறது. பழகிய ஆள் விளிம்புக்கு வந்ததும் தன்னையறியாமல் கையைத் தளர்த்துவார். பாதையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, விளிம்பில் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி ஓட்டினார்கள், இரண்டாவது பலகை நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு வந்தவை ஒன்றுபோல் வந்தன, என்னைக் கவர்ந்ததும் அதுதான். ஆள் தேய்த்தால் காலைப் பலகைக்கும் சாயங்காலப் பலகைக்கும் வித்தியாசம் இருக்கும், தோள் வலி தேய்ப்பில் தெரியும். தேய்ப்பு சீராக இல்லாவிட்டால் மரம் ஸ்டெயினை ஒரு இடத்தில் அதிகம் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும், ஆறு நாற்காலி கொண்ட செட்டில் இரண்டு மட்டும் வேறு நிறத்தில் நின்றால் வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது அது. ரோபோ தேய்த்த பலகைகள் ஒரே நிறம் குடித்தன.

குறைகளையும் சொல்கிறேன். பசை வழிந்த இடம் அதற்குத் தெரியாது, மேலேயே தேய்த்துக்கொண்டு போகும், ஸ்டெயின் போட்டதும் வெள்ளையாகத் தெரியும். தாள் மழுங்கியதும் தெரியாது, இத்தனை பலகைக்கு ஒருமுறை என்று எண்ணிக்கை வைத்து மாற்ற வேண்டும். தானே தாள் மாற்றுகிற நிலையமும் விற்கிறார்கள், அதற்குத் தனி விலை. பலகையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடித்து நிறுத்துகிற அச்சு வேண்டும், மாடல் மாறினால் அச்சும் மாறும். கையின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் ஏமாந்துபோவோம். சாண்டர் தலை, அச்சு, மேசை, தூசிக் குழாய், மூட்டுகளுக்கு உறை, ஓட்டிக் காட்ட வருகிறவர் கட்டணம், எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட இன்னொரு கையின் விலை வந்துவிடும்.

எட்டும் தூரத்தையும் அளந்து பாருங்கள். 12.5 கிலோ தூக்குகிற ஒரு பிரபலமான மாடல் 1,300 மி.மீ. எட்டும் என்று போட்டிருக்கிறது. நம் ஏழு அடிக்கு மூன்றடிக் கதவின் நீளப் பக்கத்து நடுவில் அதை நிறுத்தினாலும் எதிர் மூலை 1,400 மி.மீ. தள்ளி இருக்கிறது. அப்படியானால் கதவைத் திருப்பிப் போட வேண்டும், அல்லது கையைத் தண்டவாளத்தில் ஏற்ற வேண்டும், அல்லது 1,750 மி.மீ. எட்டுகிற பெரிய மாடலுக்குப் போக வேண்டும். கோபாட் என்றால் பாதுகாப்பு ஏற்பாடே வேண்டாம் என்று சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். ஆள் மேல் பட்டால் கை நிற்கும்தான், நுனியில் சுழல்கிற சாண்டருக்கு அந்த இரக்கம் கிடையாது.

இதற்கு மேல் ஒரு வகை இருக்கிறது, பொருளைத் தானே ஸ்கேன் செய்து பாதையைத் தானே போடுகிற பெரிய அமைப்புகள். கலிபோர்னியாவில் 2020-இல் தொடங்கிய கிரேமேட்டர் ரோபாட்டிக்ஸ் இப்படிச் செய்து மாத வாடகை முறையில் கொடுக்கிறது. வகைவகையாகப் பொருள் வருகிற பட்டறைக்கு உண்மையில் வேண்டியது இதுதான், ஆனால் நம்மைப் போன்றவர்கள் இப்போதைக்குத் தள்ளி நின்று பார்க்கலாம். செதுக்கு வேலைக்கு இந்த வரிசையில் எதுவும் வேண்டாம். கள்ளக்குறிச்சி, அரும்பாவூர் மரச்சிற்பங்களில் மூக்கு நுனியையும் இலை நரம்பையும் தேய்க்கிற விரலுக்குப் பதிலாக ஒரு இயந்திரத்தை வைத்தால் செதுக்கிய கூர்மையே போய்விடும்.

நாங்கள் முடிவு செய்த வரிசை இது. முதலில் எல்லாச் சாண்டர்களுக்கும் தூசி உறிஞ்சிக் குழாய், எல்லோருக்கும் சரியான முகக்கவசம். தட்டைப் பலகைகளை வெளியே பெல்ட் மெஷினுக்கு அனுப்புவது. இந்த இரண்டுக்கும் பிறகு, இருக்கைப் பலகைக்கும் கதவுச் சட்டத்துக்கும் ஒரு கோபாட், அதுவும் ஒரே மாடலுக்குத் தொடர்ந்து ஆர்டர் இருந்தால். தினம் முப்பது நாற்பது உருப்படியாவது ஒரே வடிவத்தில் ஓடாத பட்டறை இதை வாங்கினால் அச்சு மாற்றுவதிலேயே நாள் போய்விடும் என்பது என் கணிப்பு. வாங்கினால் அதை ஓட்டப்போவது மேஸ்திரி அண்ணன்தான், அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். தேய்ப்பு தெரியாத ஒருவரை நிறுத்தினால் அந்த மழுங்கிய விளிம்பு பாலிஷ் வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போகும்.

ரோபோவை ஓட்டிக் காட்டுவதைப் பார்க்கப் போகிறவர்கள், விற்கிறவர் எடுத்து வைக்கிற எம்.டி.எஃப் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் பட்டறையில் ரொம்பப் படுத்துகிற உருப்படியில் பத்து எடுத்துப் போங்கள், பசை வழிந்தது ஒன்று, கொஞ்சம் கோணலானது ஒன்று அதில் இருக்கட்டும். கூடவே அடர் நிற ஸ்டெயினும் ஒரு துணியும் கொண்டுபோய், தேய்த்து முடித்ததும் அங்கேயே துடைத்து, வெயிலுக்கு எடுத்து வந்து சாய்த்துப் பாருங்கள்.