செம்மறிக்குத் தேங்காய் எண்ணெயும் கடற்பாசித் தூளும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

சமிபாட்டுக்கு நல்லது என்று செம்மறி வளர்ப்பவர்களுக்கு இரண்டு பொருள்களைச் சொல்கிறார்கள்: ஒன்று செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மற்றது பையில் வரும் கடற்பாசித் தூள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணெய் வேலை செய்யும், ஆனால் உங்கள் தீனியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடற்பாசித் தூளைக் கனியுப்பாக மட்டும் வாங்குங்கள்.

கணக்கு இதுதான். 30 கிலோ மறி ஒன்று, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ தீனி தின்னும். அதில் கொழுப்பு எல்லாம் சேர்த்து 6 சதவீதத்துக்குள், அதாவது 60 கிராமுக்குள் நிற்க வேண்டும். புல்லும் குழையும் 700 கிராம் என்றால் அதிலேயே 15 முதல் 20 கிராம் வந்துவிடும். கோது கலக்காத அரிசித் தவிடு 200 கிராமில் 30 கிராம் வரை இருக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு 100 கிராமில் இன்னொரு 8 கிராம். ஆக, திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் ஆலைத் தவிட்டைத் தாராளமாகப் போடுகிற பட்டியில் எல்லை ஏற்கெனவே நெருங்கிவிட்டது. அங்கே எண்ணெய் வேண்டவே வேண்டாம். தவிடு இல்லாமல் புல், குழை, 150 கிராம் புண்ணாக்கு என்று போகிற பட்டியில் ஓர் ஆட்டுக்கு நாளுக்கு 15 மில்லிலீற்றர் கொடுக்கலாம். 20க்கு மேல் போக வேண்டாம்.

மிஞ்சினால் என்ன நடக்கிறது? ஆட்டின் இரைப்பையில் எண்ணெய் நாரின் மேல் படிந்து, நாரை உடைக்கிற பற்றீரியாக்களை அண்டவிடாது; கொழுப்பமிலங்கள் அந்தப் பற்றீரியாக்களையே அடக்கவும் செய்யும். தேங்காய் எண்ணெயில் உள்ள லோரிக் அமிலம் அங்கே வாழும் புரோட்டோசோவா என்ற ஒற்றைக்கல உயிர்களைக் குறைத்து மெதேன் வாயுவாகப் போகும் சக்தியை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அதே அமிலம் அளவு மீறினால் நார்ச் சமிபாட்டையும் கெடுத்துவிடும். காலையில் பட்டியில் கிடக்கும் பிழுக்கையை எடுத்துப் பாருங்கள். தனித்தனியாக, உருண்டையாக, கறுப்பாக இருந்தால் சரி. பேரீச்சம்பழம் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழுந்தால், பிளந்து பாருங்கள். உள்ளே வைக்கோல் துண்டு நீளநீளமாகத் தெரிந்தால் எண்ணெயைப் பாதியாக்குங்கள். ஆடு புண்ணாக்கை மோந்துவிட்டு விலகுவதும், அசைபோடுவது குறைவதும் அதற்கு முந்தைய அறிகுறிகள்.

கலக்கும் முறை: பத்து ஆட்டுக்கு ஒன்றரைக் கிலோ புண்ணாக்கைப் பொடித்து, 150 மில்லிலீற்றர் எண்ணெயை ஊற்றிக் கையால் பிசறி, அரை மணி நேரம் ஊறவிட்டு, காலையும் மாலையுமாகப் பிரித்து வையுங்கள். முதல் வாரம் ஆட்டுக்கு 5 மில்லிலீற்றர், அடுத்த வாரம் 10, பிறகு 15. வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் ஆடு தப்பாது. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள். எங்கள் வெயிலுக்குக் கலந்து வைத்தது சீக்கிரம் காறல் எடுத்துவிடும். பொரித்த எண்ணெய் கூடவே கூடாது. பத்து ஆட்டுக்கு மாதத்துக்கு நாலரை லீற்றர் போகும், அதை விலையோடு பெருக்கிப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை புல் கருகி, வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும்போது எண்ணெயால் பலன் இல்லை; அந்த நேரம் பற்றீரியாவுக்குக் குறைவது புரதம். கிளிசிரிடியா, இபில் இபில் குழையை முதலில் வெட்டிப் போடுங்கள்.

இனிக் கடற்பாசி. மெதேனை 80 சதவீதம் குறைக்கும் என்று பையில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த அளவு, ஆஸ்திரேலியாவில் செம்மறிகளுக்கு அஸ்பராகொப்சிஸ் என்ற செம்பாசியைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலிருந்து வந்தது. அதில் மெதேனைக் குறைப்பது புரோமோஃபோர்ம் என்ற இரசாயனம். அது ஆவியாகிற பொருள்; அதனால்தான் அந்தப் பாசியை உறையவைத்து உலர்த்துகிறார்கள், அல்லது தாவர எண்ணெயில் ஊறவைத்து விற்கிறார்கள். வெயிலில் காய்ந்து தூளான கபிலப் பாசியில் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது. கிடைப்பது அயடீனும் மற்றக் கனியுப்புகளும். அதுவும் பயன்தான், ஆட்டுக்கு நாளுக்கு 10 கிராம் போதும்.

வாங்குமுன் ஒரு கரண்டி தூளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி விடுங்கள். அடியில் மணல் படிந்தால் வேண்டாம். பூஞ்சை மணம் இருந்தாலும் வேண்டாம். அயடீன் அளவு குறிக்காத பையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்: செம்மறியின் தாங்கும் எல்லை, தீனியில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், சில கபிலப் பாசிகளில் ஒரு கிலோவில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். சினைமறிக்குக் கடைசி மாதத்தில் நிறுத்திவிடுங்கள். அயடீன் கூடினால் பிறக்கும் குட்டி சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைச் சரியாக உறிஞ்சாது. மாட்டுக்கான கனியுப்போடு கலந்து வரும் தூளில் செம்பு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாடு தாங்கும் செம்பு செம்மறியைக் கொல்லும்.

நிலாவெளி, குச்சவெளிக் கரையில் ஒதுங்குவதை அள்ளிக் காயவைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கடற்புல்லும் மணலும் கலந்திருக்கும். பிரித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவைத்தால் 10 கிலோவில் ஒன்றோ ஒன்றரையோ மிஞ்சும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு உட்பக்கம் ஒதுங்குவதைத் தொடாதீர்கள், கப்பல் எண்ணெயும் உலோகமும் பாசியில் சேரும். எந்தத் தூளானாலும் உப்பு உண்டு. தொட்டியில் நல்ல தண்ணீர் எந்நேரமும் நிற்க வேண்டும்.