ஸ்கிஃபானோ ஸ்கிரீன் பிரிண்ட் என்று 650 யூரோவுக்கு என்னிடம் விற்ற போஸ்டர்

இத்தாலிய ஓவியர் மாரியோ ஸ்கிஃபானோவின் ஸ்கிரீன் பிரிண்ட் வாங்க இத்தாலியில் ஆன்லைனில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 650 யூரோவை இழந்திருக்கிறேன்.

எனக்கு அவர் படங்கள் மேல் அவ்வளவு பிரியம். 1934-ல் லிபியாவின் ஹோம்ஸ் ஊரில் பிறந்து, ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் அப்பாவோடு பழம்பொருள் செப்பனிடும் வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். கோகோ கோலா, எஸ்ஸோ பெட்ரோல் விளம்பர எழுத்துகளில் ஒரு துண்டை மட்டும் எடுத்து எனாமல் பெயின்டில் பெரிதாக வரைவார், பெயின்ட் வழிந்தால் வழிந்தபடியே விட்டுவிடுவார். 1962-ல் நியூயார்க்கின் சிட்னி ஜானிஸ் கேலரியில் வார்ஹோல், லிக்டென்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பாப் ஓவியர்களின் படங்களோடு இவருடையதும் மாட்டப்பட்டிருந்தது. அந்தக் காலத்து அசல் எதையும் என் சம்பளத்தில் நினைத்தே பார்க்க முடியாது, அதனால்தான் பிரிண்ட்டாவது வாங்கலாம் என்று இறங்கினேன். 1998-ல் அவர் இறப்பதற்கு முன்பே போலிகள் புழங்க ஆரம்பித்துவிட்டன என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டினேன்.

விளம்பரத்தில் பனைமரங்கள், 70-க்கு 100 சென்டிமீட்டர், எண் 47/100 (அதாவது நூறு பிரதியில் 47-வது), 'செரிக்ராஃபியா, ஃபிர்மாத்தா இன் லாஸ்த்ரா' என்று இருந்தது. செரிக்ராஃபியா என்றால் ஸ்கிரீன் பிரிண்ட். 'ஃபிர்மாத்தா' என்றால் கையெழுத்திட்டது, அதுவரை படித்துவிட்டு மீதியைத் தாண்டிப் போய்விட்டேன். கையெழுத்தும் அச்சுத் தகட்டிலேயே இருக்கிறது, ஓவியர் அந்தத் தாளில் பேனாவையோ பென்சிலையோ வைக்கவே இல்லை என்பதுதான் அந்த மூன்று வார்த்தைக்கும் சேர்த்து அர்த்தம்.

படம் சுருட்டி வந்தது, சட்டம் போடக் காசு சேர்த்துக்கொண்டு ஆறு வாரம் கழித்துத்தான் கடைக்கு எடுத்துப் போனேன். சட்டம் போடும் அம்மா தாளை மேசையில் விரித்தார், விரலால் ஒருமுறை தடவினார், அப்புறம் ஒன்றும் பேசாமல் சின்ன லென்ஸை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். பச்சை இலை பச்சையாகவே இல்லை. நீலமும் மஞ்சளுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள், பூவிதழ் போலச் சுற்றிச் சுற்றி. போஸ்டர், பத்திரிகை அடிக்கிற சாதாரண ஆஃப்செட் அச்சு. உண்மையான ஸ்கிரீன் பிரிண்ட்டாக இருந்தால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் திரை வழியாக இழுப்பார்கள், பச்சை என்றால் கலந்து வைத்த பச்சை மைதான், நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் எழுத்து கைக்குத் தட்டுப்படுமே, அதுபோல மை தாளின் மேல் லேசாக நிற்கும். கையெழுத்தையும் லென்ஸில் பார்த்தேன், பென்சில் அழுத்திய தடமே இல்லை, அங்கேயும் புள்ளிதான். 47/100 என்ற எண்ணும் அப்படியே. அன்று ராத்திரி தேடினால், வேறொரு விளம்பரத்தில் அதே படம், அதே 47/100, 7-இன் வாலில் அதே பிசிறு!

விற்றவருக்கு எழுதினேன். "விவரத்திலேயே சொல்லியிருக்கிறோம்" என்று ஒரு வரிப் பதில். கையெழுத்தைப் பற்றிச் சொன்னார்கள், சரி. ஸ்கிரீன் பிரிண்ட் என்று சொன்னது? அதற்குப் பதிலே இல்லை. ஆன்லைனில் கடையிடம் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே திருப்பித் தர 14 நாள் உண்டு, அதைத்தான் நான் பரணில் போட்டுத் தொலைத்துவிட்டேன். நீங்கள் பார்சல் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். பணத்தை நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பியதால் கார்டு மூலம் திரும்பக் கேட்கவும் வழியில்லை. கூட வந்த சான்றிதழ் அந்தக் கடையே அடித்தது, எந்த அச்சகம், எந்த ஆண்டு, யார் பதிப்பித்தது, ஒன்றும் அதில் கிடையாது. கலைப்பொருள் விற்கும் வியாபாரி அசல்தானா, எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என இத்தாலியின் 2004-ம் ஆண்டு 42-ம் எண் சட்டத்தின் 64-வது பிரிவு சொல்கிறது. வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

கலைப்பொருள் குற்றங்களுக்கென்றே இத்தாலியின் காராபினியேரி போலீஸில் தனிப் பிரிவு இருக்கிறது, லென்ஸ் படங்களோடு அங்கே புகார் கொடுத்துவிட்டேன். இந்தப் பனைமரப் படத்தை யாராவது வாங்கியிருந்தால் மூலையில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், 47 என்றால் ஒரு போட்டோவும் அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.