விட்டம் ஒன்று, முறுக்கு வேறு: .270 வின்செஸ்டரா, 6.8 வெஸ்டர்னா?

கொலராடோ பக்கம் எல்க் மான் வேட்டைக்கு ரைஃபிள் பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும். இரண்டும் ரைஃபிள் தோட்டா வகைகள்: .270 வின்செஸ்டர் 1925-இல் வந்தது, 6.8 வெஸ்டர்ன் 2021-இல். பெயரைக் கேட்டால் வேறு வேறு ரகம் போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.277 அங்குலம். முக்கியமான வித்தியாசம் குண்டைச் சுழற்றிவிட குழலுக்குள் ஓடும் சுருள் வரிகளின் முறுக்கில் இருக்கிறது. .270 குழலில் குண்டு 10 அங்குலம் போவதற்குள் ஒரு சுற்று சுற்றும், இதை 1:10 என்று எழுதுவார்கள். 6.8-இல் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, பிரவுனிங் ரைஃபிள்களில் ஏழரை.

எல்லோரும் குண்டின் எடையைத்தான் பேசுகிறார்கள். முறுக்குக்கு எடை முக்கியமில்லை, நீளம்தான் கணக்கு. விட்டம் மாறாமல் எடையைக் கூட்ட நீளத்தைத்தான் கூட்ட வேண்டும், அதனால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. முழுச் செம்புக் குண்டு வாங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால், எடை கூடாமலேயே குண்டு நீண்டுவிடும்.

குண்டு நேராகப் பறக்குமா என்று பார்க்க மில்லர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. விடை 1-க்குக் கீழே போனால் குண்டு குட்டிக்கரணம் போடும், 1.5-க்கு மேலே இருந்தால் நிம்மதி. 130 கிரெய்ன் எடை, 1.1 அங்குல நீளம் என்று வைத்து 1:10 குழலுக்குப் போட்டால் 2.1 வருகிறது. தாராளம். 175 கிரெய்ன், ஒன்றரை அங்குலம் என்று போட்டால் அதே குழலில் 1.16-தான். 1:8 குழலில் 1.8.

சரி, 1.16 என்பது 1-க்கு மேலேதானே என்று கேட்கலாம். வம்பே இங்கேதான். இது கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸுக்கான கணக்கு. 3,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அது 1.5-ஐத் தாண்டிவிடும், இலக்கு அட்டையில் துளைகள் அழகாக விழும். அதே ரைஃபிளையும் அதே தோட்டாவையும் எடுத்துக்கொண்டு அலாஸ்கா கரையோரம் மைனஸ் 20 டிகிரியில் நின்றால் எண் 1.0-க்கு இறங்கிவிடும். அப்போது குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போய், அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிக்கக்கூடும். வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் சரியாகுமா? ஆகாது, வேகம் அந்த எண்ணை அசைப்பது சொற்பம். இன்னொரு விஷயம்: 1-க்கும் 1.5-க்கும் நடுவில் அட்டையைப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் குண்டு காற்றைக் கிழிக்கும் திறன் கொஞ்சம் குறையும். நீளக் குண்டை வாங்கியதே அதற்காகத்தானே?

இந்தப் பாடம் புதிதல்ல. 1955-இல் ரெமிங்டன் .244 தோட்டாவை 1:12 முறுக்கோடு விட்டது, வின்செஸ்டர் .243-ஐ 1:10 முறுக்கோடு விட்டது. மான் வேட்டைக்காரர்கள் கேட்டது 100 கிரெய்ன் குண்டு, அதன் நீளத்துக்கு 1:12 போதவில்லை. .243 பிழைத்துக்கொண்டது. ரெமிங்டன் முறுக்கை 1:9 ஆக்கி, 1963-இல் 6 மிமீ ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

களத்துக்கு வருவோம். .270-இல் 130 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 3,060 அடி வேகத்தில் கிளம்பும். 6.8-இல் 175 கிரெய்ன் குண்டு 2,835 அடி. பக்கக் காற்று மணிக்கு 10 மைல் வீசினால், 300 கஜத்தில் இரண்டுக்கும் இடையே ஓரிரு அங்குலம்தான் வித்தியாசம். 500 கஜத்தில் 6.8 மூன்று நான்கு அங்குலம் குறைவாக விலகும், எல்க்கை அடையும்போது எடையும் கூட இருக்கும். அதற்கு மேல் தூரம் கூடக் கூட இடைவெளி விரியும். ஆகவே 400 கஜத்துக்குள் சுடுபவர் .270-ஐ விற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தோட்டா சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், தோளில் உதையும் குறைவு. அதைத் தாண்டிச் சுடப் பயிற்சியும் பொறுமையும் உள்ளவருக்கு 6.8.

.270-க்கே 1:8 குழல் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம். ஆனால் நீளக் குண்டு வைத்த தோட்டா மேகஸினுக்குள் அடங்க, குண்டை உள்ளே தள்ளி வைக்க வேண்டியிருக்கும். அப்போது மருந்துக்கு இடம் குறையும். 6.8-இன் தோட்டாக் கூட்டைக் குட்டையாகச் செய்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். கையில் உள்ள 1:10 குழலே 150 கிரெய்ன் வரை சமாளிக்கும்போது இந்தச் செலவு எதற்கு?

பழைய ரைஃபிள் வாங்கினால் விற்பவர் சொல்லும் முறுக்கை நம்ப வேண்டாம். தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தானாகச் சுழலும் கைப்பிடி வைத்த துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். கம்பியின் மேல்பக்கம் பேனாவால் ஒரு கோடு, குழல் வாயருகே இன்னொரு அடையாளம். மெதுவாகத் தள்ளி, கோடு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.