நீர்க்கட்டியும் ஐந்து மாதக் கர்ப்பமுமாக ஊரில் ஆறு வாரம்

பொங்கலுக்கு லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது எனக்கு 18-ஆவது வாரம். பல வருடமாகச் சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்). மருந்து எடுத்துத்தான் கரு நின்றது. நீர்க்கட்டிக்காரர்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது தெரியும். ஆனால் லண்டனில் சர்க்கரைப் பரிசோதனைக்கு 26-ஆவது வாரத்தில்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

தஞ்சாவூரில் முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். "அதான் கர்ப்பம் ஆயிடுச்சே, இனி நீர்க்கட்டிய நினைக்காதீங்க" என்று ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கரு நின்றுவிட்டதால், நீர்க்கட்டியோடு இன்சுலினுக்குச் சரியாக மசியாமல் இருந்த உடம்பு மாறிவிடுமா என்ன?

அம்மாதான் எங்கள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். இட்லி சாப்பிட்டு வந்துவிட்டேனே என்று தயங்கினேன். "இதுக்கு வெறும் வயிறு வேணாம்மா" என்றார் செவிலியர் அக்கா. நீர்க்கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கர்ப்பிணி முதல்முறை வரும்போதே இந்தச் சர்க்கரைப் பரிசோதனை உண்டாம். சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். திகட்டித் தொண்டையில் நின்றது. அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்ப வர வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 152 (மி.கி/டெ.லி). அங்கே 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. ஒரு பைசா வாங்கவில்லை.

மருந்து உடனே தரவில்லை. இரண்டு வாரம் சாப்பாட்டைப் பார்ப்போம் என்றார்கள். நான்கு இட்லி இரண்டானது. பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் சோறு ஒரு கரண்டி, கீரை இரண்டு கரண்டி. "ரெண்டு உயிருக்குத் திங்கணும்டி" என்று சர்க்கரைப் பொங்கலோடு வந்த அத்தையிடம் அம்மாவே சண்டை போட்டார். சாப்பிட்டதும் வாய்க்கால் கரையில் நடை.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 112. 120-க்குள் இருந்தால் போதும். அழுத்தமும் சரியாக இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஊருக்குப் போகிற கர்ப்பிணிகள் கவனிக்க: லண்டன் சர்க்கரை மீட்டர் காட்டும் எண் வேறு அலகு (மில்லிமோல்). ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தால் அது வரும். 140 என்பது அங்கே 7.8. திரும்பும் விமானத்தில் நோட்டிலிருந்த ஒவ்வொரு எண்ணையும் அப்படி வகுத்து எழுதினேன். லண்டன் மருத்துவச்சி அந்தப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து என் கோப்பில் வைத்தார்.