80,000 கிலோமீட்டர் தாண்டிய பைக்: ஆயில் மட்டும் மாற்றுவதா, அளந்து பார்ப்பதா, எஞ்சினைப் பிரிப்பதா?

மீட்டர் 80,000ஐத் தாண்டிய ஒரு 2பி (சிங்கப்பூரில் 200 சிசி வரையிலான) பைக்கைக் கொண்டுபோய் மூன்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் மூன்று பதில் வரும். ஆயிலைச் சீக்கிரமாக மாற்றிக்கொண்டே ஓட்டுங்கள் என்பார் ஒருவர். வால்வு, கம்ப்ரெஷன், டைமிங் செயின் மூன்றையும் பார்த்துவிட்டுத் தேய்ந்ததை மட்டும் மாற்றலாம் என்பார் இன்னொருவர். புகை வருவதற்குள் டாப் ஓவர்ஹால் (ஹெட்டையும் சிலிண்டரையும் பிரித்துப் புதுப்பிப்பது) செய்துவிடுங்கள் என்பார் மூன்றாமவர். பெரும்பாலான பைக்குகளுக்கு இரண்டாவது பதில்தான் சரி. மற்ற இரண்டும் எங்கே பொருந்தும் என்பதைப் பைக்கின் நிலையும், சிஓஇ-யில் (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழில்) மிச்சமிருக்கும் மாதங்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

ஆயிலை மட்டும் நம்பினால்

செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஆனால் '3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை' என்ற கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. விரைவுச்சாலையில் சராசரி 50 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது 60 மணி நேர ஓட்டம். புளோக் புளோக்காக நின்று நின்று சாப்பாடு டெலிவரி செய்பவரின் சராசரி 20 கி.மீ. என்றால், அதே 3,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 150 மணி நேரம் ஓடியிருக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்துபோகும் நேரத்தை மீட்டர் கணக்கில் எடுப்பதே இல்லை; ஏர்கூல் எஞ்சினுக்கு அங்கே காற்றும் கிடையாது. இப்படி ஓடும் பைக்குக்கு 1,500 முதல் 2,000 கிலோமீட்டரில் மாற்றுவது நியாயம்.

எந்த ஆயில்? 20டபிள்யூ-50 ஊற்றினால் பழைய எஞ்சின் அமைதியாகும் என்ற பேச்சு பரவலாக உண்டு. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது. 10டபிள்யூ ஆயிலுக்கு ஸ்டார்ட்டிங் சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது. சிங்கப்பூரில் பார்க்க வேண்டியது, சூட்டில் ஆயிலின் தடிப்பைச் சொல்லும் பின்னால் உள்ள எண்ணைத்தான். மேனுவல் 40 என்றால் 40. 50 ஊற்றினால் தட்டும் சத்தம் குறையலாம், தேய்மானம் குறையாது. நோயை மறைக்கும் மருந்து அது. டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரையான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் ஆயில், எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் ஈரக் கிளட்சை வழுக்க வைத்துவிடும்.

மாற்றுவதைவிட முக்கியம், இடையில் அளவைப் பார்ப்பது. சின்ன எஞ்சின்களில் மொத்தமே 700 மில்லி முதல் 1 லிட்டர்தான். அதில் 200 மில்லி குடித்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்காவது போய்விட்டது என்று பொருள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எஞ்சினை நிறுத்தி இரண்டு மூன்று நிமிடம் கழித்து, சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்திப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்; பிறகு ஓவர்ஹால் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பே பாதிப் பதில். வடித்த ஆயில் ஒர்க்‌ஷாப்பின் பீப்பாய்க்குப் போக வேண்டும், புளோக்கின் கீழுள்ள கால்வாய்க்கு அல்ல.

எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, நீண்டுபோன செயினும் குறுகாது. முதல் வழியின் எல்லை அதுதான்.

அளந்து பார்ப்பது

முதலில் வால்வு. அதற்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று தட்டும். உடனே பைக்கைக் கொண்டுபோய் விடுவோம். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. வால்வு மூடி உட்காரும் சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. முழுதாக மூடாத வால்வுக்கு அந்த வழி அடைபடுவதால் விளிம்பு கருகிப்போகும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலிங் நிற்காமல் அணைவது இதன் முதல் அறிகுறிகள்.

இதை எஞ்சின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். ஹோண்டா மேனுவல்கள் 35 டிகிரிக்குக் கீழே என்கின்றன. நம் வெயிலில், பைக்கை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புகள் நிறைந்த உபிக்கோ காக்கி புக்கிட்டுக்கோ போய், அரை மணி நேரத்தில் சரிசெய்து வாங்கிவந்தால் அந்த அளவு பொய். முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். பிஸ்டனைக் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்தால் லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பிவிடும். ஆகவே இறுக்கியபின் மறுபடியும் அளக்காமல் மூடி போடக்கூடாது. ஸ்குரூ வைத்த ஹோண்டா வேவ் போன்றவற்றுக்கு இது சின்ன வேலை. 2ஏ வகை (201 முதல் 400 சிசி) ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரில் 16 வால்வு, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) முறை. கேம்ஷாஃப்டைக் கழற்றினால்தான் மாற்ற முடியும். கூலி கூடுவது அதனால்தான்.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், திராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். பிளக் துளையில் கேஜை மாட்டி, அதன் முள் ஏறுவது நிற்கும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். குறைவாக வந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேவிடும் ஆட்டோ டிகம்ப்ரெஷன் உள்ள எஞ்சின்களில் எண் இயல்பாகவே குறைவாக வரும். மேனுவலில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து பைக்கோடு அல்ல.

டைமிங் செயினுக்குக் காலை நேரச் சத்தம் ஒரு சாட்சி. நம்பகமான சாட்சி, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்: அதன் தண்டு ஏறக்குறைய முழுதும் வெளியே தள்ளியிருந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. ஆயில் வலையில் கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு கிடைத்தால் செயின் உரசி ஓடும் கைடு உடைந்துகொண்டிருக்கிறது. செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும், பிறகு ஹெட்டே போய்விடும்.

டாப் ஓவர்ஹால்

நன்றாக ஓடும் எஞ்சினைக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பிரிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. பழைய அலுமினியத்தில் ஸ்டட் மரை கழன்று வரும், சுரண்டிய கேஸ்கெட் தூள் ஆயில் வழியை அடைக்கும், ரிங் வாய்கள் ஒரே வரிசையில் நின்றால் பிரித்த மறுநாளே புகை வரும்.

காரணம் இருந்தால் தயங்கவும் வேண்டாம். திராட்டில் முறுக்கும்போது நீலப் புகை, பிளக் துளையில் ஆயில் விட்டுப் பார்க்கும் ஈரச் சோதனையில் ஏறும் கம்ப்ரெஷன், 1,000 கிலோமீட்டருக்குள் கால்வாசி ஆயில் காலி: இவை சேர்ந்து வந்தால் ரிங் வேலைதான். ஸ்டார்ட் செய்த கணம் மட்டும் புகைந்து நின்றுவிட்டால் வால்வு சீல். அதற்காகச் சிலிண்டரில் கைவைக்க வேண்டியதில்லை. யமஹா ஸ்பார்க் 135, ஆர்15 இரண்டிலும் டயாசில் (இரும்பு லைனர் இல்லாத அலுமினியம்-சிலிக்கான்) சிலிண்டர் என்பதால், சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டும் பழைய வழக்கம் அவற்றுக்குச் சரிவராது. கீறல் விழுந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சிஓஇ-யை வைத்து

ஓராண்டுதான் மிச்சம், புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை என்றால், வால்வை ஒருமுறை சரிசெய்துவிட்டு ஆயில் வழியிலேயே ஓட்டி முடிக்கலாம். 10 ஆண்டுக்குப் புதுப்பிக்க நினைப்பவர், பணம் கட்டுவதற்கு முன்னால் கம்ப்ரெஷனையும் செயினையும் பார்த்துவிட வேண்டும். ரிங் போன எஞ்சினுக்கு ஆகும் செலவு தெரியாமல் புதுப்பிப்பு முடிவை எடுக்க முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரிங், வால்வு சீல், டைமிங் செயின், கைடு, டென்ஷனர், கேஸ்கெட் எல்லாம் ஒரே தடவையில் போகட்டும். புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.