ஜேசன் பெக்கரின் 'பெர்பெச்சுவல் பர்ன்': வேகமா, ஃபீலா என்று சண்டை போடுபவர்களுக்கு

1988-இல் வந்த ஆல்பத்துக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் ஒரு கட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு மெட்ரோனோமில் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று தாளம் போடும் கருவி) எண் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். 120-இல் வாசித்தது 140 ஆகி, 160 ஆகி, அதைப் போனில் எடுத்து ரீல்ஸ் போட்டுவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. இன்னொரு கட்சிக்கு வேகம் என்றாலே ஆகாது. "சார், சும்மா ஸ்கேல்ல ஏறி இறங்குறாங்க, ஃபீலே இல்ல" என்பார்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் ஒரு கம்பியை இழுத்து நிறுத்துகிற ஒற்றை ஸ்வரத்துக்கு இதெல்லாம் உறை போடக் காணுமா என்று கேட்பார்கள். இரண்டு கட்சிக்கும் நான் போட்டுக் காட்டுவது இந்த ஒரு ஆல்பத்தைத்தான்.

கிட்டார் கலைஞர் ஜேசன் பெக்கர் 1969-இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் பிறந்தவர். இன்னொரு கிட்டார் கலைஞரான மார்ட்டி ஃப்ரீட்மனோடு சேர்ந்து 'ககோஃபனி' என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். இந்தத் தனி ஆல்பம் வரும்போது வயது இருபதுகூட ஆகவில்லை. வெளியிட்டது மைக் வார்னியின் ஷ்ராப்னல் ரெக்கார்ட்ஸ். எண்பதுகளில் வேகக் கிட்டார் என்றால் அந்த நிறுவனம்தான். மொத்தம் எட்டு உருப்படி, எல்லாமே வாத்திய இசை. டிரம்ஸ் அத்மா அனுர். பேஸையும் கீபோர்டையும் பெக்கரே பார்த்துக்கொண்டார்.

முதல் உருப்படி 'ஆல்டிட்யூட்ஸ்'. இதில் ஒரு பகுதியை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தொடக்கத்தில் எந்த அவசரமும் இல்லை. கம்பியை இழுத்து, நீண்ட ஸ்வரங்களாக நிறுத்தி நிறுத்தி ஒரு மெட்டைச் சொல்கிறார். நடுவில் அந்தப் புகழ்பெற்ற ஆர்ப்பெஜியோ பகுதி வருகிறது. ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) உடைத்து, அதன் ஸ்வரங்களைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே அள்ளித் தெளிக்கிறார். இதை ஸ்வீப் பிக்கிங் என்பார்கள். ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் தட்டாமல், பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஒரே திசையில் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போவது. கேட்க எளிதாகத் தெரியும், ஆனால் கஷ்டம் இடக்கையில் இருக்கிறது. ஒரு ஸ்வரம் ஒலித்ததும் அந்த விரல் அழுத்தத்தை உடனே விட்டுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் இரண்டு கம்பிகள் சேர்ந்து ஒலித்து, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் எல்லாம் கூழாகிவிடும். பெக்கரிடம் அந்தக் கலங்கல் கிடையாது. மணிமாலையில் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரிவதுபோல ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கிறது.

சரி, இதுவரை சொன்னது வெறும் திறமை. வேகக் கட்சிக்காரர்கள் இங்கேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். நான் அவர்களிடம், அந்த ஆர்ப்பெஜியோக்களின் உச்சி ஸ்வரங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பாடச் சொல்வேன். நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு மேலே தொடும் ஸ்வரங்களை மட்டும் மெதுவாகப் பாடினால் ஒரு பாட்டு கிடைக்கிறது. கார்டு மாறும் இடத்தில் அது எங்கே போகும் என்று காது காத்திருக்கிறது, அது போய்ச் சேரும்போது மனசு நிறைகிறது. வேகத்தை முழுக்க எடுத்துவிட்டாலும் மிஞ்சி நிற்கிற மெட்டு அது. அதே சோதனையை இன்றைக்கு இணையத்தில் சுற்றும் பல வேகக் காணொளிகளில் செய்து பாருங்கள். பாதி வேகத்துக்குக் குறைத்தால் விரல் பயிற்சிப் பாடத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

ஃபீல் கட்சிக்காரர்களுக்கு நான் காட்டுவது வேறு இடம். ஓட்டம் முடிந்து ஒரு ஸ்வரத்தில் வந்து நிற்கிறாரே, அந்த இடம். எந்த வேகக் கிட்டார்காரரையும் நான் எடைபோடுவது அங்கேதான். ஓடி வந்த கை, நிற்கும்போது என்ன செய்கிறது? பலருக்கு அந்தக் கடைசி ஸ்வரம் அடுத்த ஓட்டத்துக்கு மூச்சு வாங்கும் இடம், அவ்வளவுதான். வைப்ரேட்டோ, அதாவது கம்பியை ஆட்டி ஸ்வரத்தை அசைப்பது, நடுங்கும், சுருதி சேராது, அவசரமாக விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெக்கர் அங்கே நிதானமாகக் கம்பியை இழுக்கிறார், சுருதி வந்து சேரும் வரை பொறுக்கிறார், அப்புறம்தான் அகலமாக அசைக்கிறார். ஓட்டம் அந்த ஸ்வரத்துக்கு எடை சேர்த்துவிட்டது. அதே ஸ்வரத்தை ஓட்டமில்லாமல் தனியாக வாசித்திருந்தால் இந்த அளவுக்குத் தைக்காது. வேகமும் ஃபீலும் எதிரெதிர் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு 180 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்குப் பன்னிரண்டு ஸ்வரம். அந்த வேகத்தில் யாருடைய காதும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்காது. ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த ஸ்வரத்துக்கு அழுத்தம், எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் பிருகா கேட்டுப் பழகியவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டாம். ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பிருகாவை யாரும் ஸ்வரம் ஸ்வரமாகக் கணக்கெடுத்து ரசிப்பதில்லை. அது ராகத்துக்குள் எங்கே கிளம்பி எங்கே இறங்கியது என்பதுதான் ரசனை.

பெக்கரின் தலைமுறைக்கு வாசலைத் திறந்துவிட்டவர் கிட்டார் கலைஞர் யங்வீ மால்ம்ஸ்டீன். 1984-இல் வந்த அவருடைய 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு ஊரெல்லாம் ஹார்மானிக் மைனர் ஸ்கேல். நம் கீரவாணியும் அதே ஸ்வரங்கள்தான். மால்ம்ஸ்டீனுக்கு உணர்ச்சியே கிடையாது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒட்டாது. அவருடைய வைப்ரேட்டோ அவ்வளவு கனமானது. ஆனால் அவரைப் பின்பற்றியவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்கேலையும் வேகத்தையும் மட்டுந்தான், வைப்ரேட்டோவை விட்டுவிட்டார்கள். ஷ்ரெட் என்று சொல்லப்படும் இந்த வேகக் கிட்டார் என்றாலே உயிரில்லாத வாசிப்பு என்ற பெயர் அந்த நகல்களால் வந்தது.

மார்ட்டி ஃப்ரீட்மன் இந்த ஆல்பத்தில் சில இடங்களில் விருந்தாளியாக வந்து வாசிக்கிறார். இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரு நல்ல பாடம். ஃப்ரீட்மன் எந்த ஸ்வரத்துக்கும் நேராகப் போக மாட்டார். கொஞ்சம் கீழே தொடங்கி, இழுத்து, தயங்கி, கடைசி நொடியில் சுருதிக்குள் வருவார். மேற்கத்தியக் கிட்டாரில் கமகம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அவரிடம் போகலாம். பெக்கர் இன்னும் நேரானவர், மெட்டைக் கட்டுவதில் கெட்டிக்காரர். ஒரே வயலில் வேலை செய்தும் ஒருவர்போல இன்னொருவர் இல்லை. வேகம் ஆளுமையை அழித்துவிடும் என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

குறைகளும் இருக்கின்றன. தலைப்புப் பாடலும் 'மேபல்ஸ் ஃபேட்டல் ஃபேபிள்' உருப்படியும் சில இடங்களில் நெரிசலாகிவிடுகின்றன. ஒரு யோசனை மனதில் இறங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இருபதுகூட ஆகாத பையனுக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பு புரிகிறது, ஆனாலும் கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. ஒலிப்பதிவும் அந்தக் காலத்து ஒலிப்பதிவுதான். டிரம்ஸில் எதிரொலி அதிகம், பேஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, கிட்டாரின் மேல்ஸ்தாயி மலிவான இயர்போனில் காதைக் குத்தும். நல்ல ஹெட்போன் இருந்தால் அதில் கேளுங்கள்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று. பெக்கரைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவருடைய நோயில்தான் தொடங்குகிறார்கள். 1989-இல் ராக் பாடகர் டேவிட் லீ ராத்தின் குழுவில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் இருந்த இடத்துக்கு அவர் போனார். அந்தச் சமயத்தில்தான் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் என்றார்கள் மருத்துவர்கள். கை ஓய்ந்தது, பிறகு பேச்சும் போனது. அவருடைய தந்தை உருவாக்கிய முறையில் கண் அசைவால் எழுத்துகளைக் காட்டிப் பேசுகிறார், இசையும் அமைக்கிறார். 2018-இல்கூட 'ட்ரையம்பன்ட் ஹார்ட்ஸ்' என்ற ஆல்பம் வந்தது. அந்த மனவலிமைக்கு முன்னால் நான் என்ன சொல்ல.

ஆனால் 'பெர்பெச்சுவல் பர்ன்' நோய் தெரிவதற்கு முன்னால் பதிவானது. இதில் கேட்கிற ஏக்கத்தை அந்தத் துயரத்தோடு சேர்த்து வைத்து, "பாவம், அதனால்தான் இவ்வளவு ஃபீல்" என்று சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம். அன்றைக்கு அவர் ஆரோக்கியமான பையன். நாள் முழுக்கக் கிட்டாரும் கையுமாக இருந்தவர். அந்த ஏக்கம் அவர் தேர்ந்தெடுத்த கார்டுகளில் இருக்கிறது, கம்பியை இழுத்த விரலில் இருக்கிறது, உழைத்துச் செய்த வேலையில் இருக்கிறது. அவருடைய கதை எதுவும் தெரியாத மாணவர்களுக்கு 'ஆல்டிட்யூட்ஸ்' போட்டுக் காட்டியிருக்கிறேன். அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்கள். இந்த இசைக்கு நம்முடைய அனுதாபம் தேவையில்லை.

நான்காவது உருப்படி 'ஏர்' பற்றி அவசியம் சொல்ல வேண்டும். டிரம்ஸ் கிடையாது. பல கிட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவாகி, பாக் எழுதிய இசைபோல ஒரு குரல் பேச இன்னொரு குரல் பதில் சொல்கிறது. ஒரு குரல் இறங்கும்போது மற்றது ஏறுகிறது, இரண்டும் உரசும் இடத்தில் ஒரு சின்ன வலி பிறந்து உடனே ஆறுகிறது. இங்கேயும் விரல்கள் சும்மா இல்லை, நிறையவே ஓடுகின்றன. ஆனால் கேட்டு முடித்த யாரும் எவ்வளவு வேகம் என்று என்னிடம் கேட்டதில்லை. "இதை எப்படி எழுதினார்?" என்றுதான் கேட்கிறார்கள். இதில் ஒரு குரலை நான் வாசிக்க, இன்னொன்றை மாணவர் வாசிக்க என்று பிரித்துக்கொண்டு வகுப்பில் முயன்றால், மெட்ரோனோம் எண்ணை மட்டும் துரத்துகிறவர்கள்கூட அடுத்தவர் வாசிப்பதைக் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. தனியாக அறையில் உட்கார்ந்து ஏற்றிய வேகம் இங்கே உதவிக்கு வராது.

எப்படிக் கேட்பது என்றால், வரிசைப்படி வேண்டாம். முதலில் 'ஆல்டிட்யூட்ஸ்', உடனே 'ஏர்', அப்புறம் ஃப்ரீட்மனும் வாசிக்கும் 'டெம்பிள் ஆஃப் தி அப்சர்ட்'. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் மற்றவற்றுக்குப் போங்கள். கிட்டார் வாசிக்கிறவர்கள் ஸ்வீப்பைப் படியெடுக்க உட்காரும் முன்னால், அந்த நீண்ட ஸ்வரங்களின் வைப்ரேட்டோவை அப்படியே கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். அதற்கே நாள் பிடிக்கும். தலைப்புப் பாடலைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், மனசு ஒட்டவில்லை என்றால் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.