ஃப்யூயல் பம்ப் மோட்டார் கிட்: பழைய பெட்ரோல் காருக்கு வாங்கலாமா?

பழைய எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீச்சும்) காரில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ஙொய்' என்று விடாமல் சத்தம் வருகிறதா? தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் எந்த ஸ்பேர்ஸ் கடையில் போய்க் கேட்டாலும் மூன்று வழி சொல்வார்கள். டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மெஷ் (பெட்ரோலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை வடிகட்டி) மட்டும் மாற்றலாம், மோட்டாரும் மெஷ்ஷும் சேர்ந்த கிட் போடலாம், இல்லையென்றால் பம்ப்பைத் தாங்கும் மூடி, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையோடு வரும் முழு அசெம்பிளி. இங்கே எழுதுவது நடுவில் சொன்ன கிட்டைப் பற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மோட்டார் நல்ல தயாரிப்பாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு வருட வண்டிக்கு கிட் தாராளமாகப் போதும். ஆனால் பாக்கெட்டில் கூட வரும் ரப்பர் ஓஸை நம்பாதீர்கள். பம்ப்தான் சத்தம் போடுகிறது என்று உறுதியாகாமல் டேங்க்கில் கை வைக்கவும் வேண்டாம்.

உறுதி செய்வது கஷ்டமில்லை. சாவியை ஆன் செய்ததும், செல்ஃப் அடிப்பதற்கு முன், சுமார் இரண்டு வினாடி மெல்லிய ரீங்காரம் கேட்டு நின்றுவிடும். அது லைனில் பிரஷர் ஏறுவது, கோளாறு இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறி இறங்கும் ஊளை ஆல்டர்னேட்டர் அல்லது பெல்ட். வண்டியின் வேகத்தோடு கூடும் உறுமல் வீல் பேரிங். பானெட்டுக்குள் கேட்கும் 'டிக் டிக்' இன்ஜெக்டரும் கேனிஸ்டர் வால்வும் வேலை செய்யும் சத்தம், அதை விட்டுவிடலாம். வண்டி நின்றாலும் ஓடினாலும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பின்பக்கம் மட்டும் கேட்கிறது என்றால்தான் பம்ப் மீது சந்தேகப்பட வேண்டும். கார்புரேட்டர் மாருதி 800, பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்த கிட் தேவையே இல்லை. அவற்றில் இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் டயாபிரம் பம்ப்தான்.

பம்ப் என்று தெரிந்த பிறகும் காசு செலவில்லாத சோதனைகள் சில இருக்கின்றன. டேங்க்கை பாதிக்கு மேல் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலாலேயே குளிர்ந்து, பெட்ரோலாலேயே வழுக்கலும் பெறுகிறது. ரிசர்விலேயே ஓடும் வண்டியில் அது சூடாகிக் கத்தும். நிரப்பியதும் சத்தம் பாதியாகக் குறைந்தால் மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் உண்டு. அடுத்து, சத்தம் வரும்போது பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து ஊளை அடங்கினால் காற்றுப்போக்கி அடைத்திருக்கிறது. மூடியையோ வென்ட் லைனையோ சரி செய்தால் போதும். வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் பைப் பாடியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். பைப்பைப் பிடிக்கும் கிளிப்பின் ரப்பர் உதிர்ந்து இரும்போடு இரும்பு உரசினால், நல்ல பம்ப்பின் சாதாரண அதிர்வே கேபினுக்குள் பெரிதாகக் கேட்கும்.

வெளியே தனி ஃபில்டர் உள்ள வண்டிகளில் முதல் செலவு அந்த ஃபில்டராகத்தான் இருக்க வேண்டும். விலை குறைவு, அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க மாட்டினால் சரி. அடைத்த ஃபில்டரை எதிர்த்துத் தள்ளும் பம்ப் கத்தத்தான் செய்யும், அதற்குப் பம்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு மல்டிமீட்டர். இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் வரும் வோல்டேஜ், பேட்டரி முனையில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் போல்ட், ரிலே, கனெக்டர் மூன்றையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் எர்த் போல்ட் பச்சை பூத்து நிற்பது சர்வசாதாரணம். மெக்கானிக்கிடம் பிரஷர் கேஜ் இருந்தால் மாட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ வண்டிகளில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. இன்ஜினை நிறுத்தியதும் முள் சரசரவென்று இறங்கினால் பம்ப்பின் செக் வால்வோ (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது), டேங்க்குக்குள் இருக்கும் ஓஸோ, இன்ஜெக்டரோ கசிகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகு வண்டி கிளம்புவதும் இதனால்தான்.

டெல்டாவில் இந்தப் பம்ப்புகள் சீக்கிரம் கத்த ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பவர்களின் கார் ஊர்வீட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது, டேங்க்கில் கால்வாசிதான் பெட்ரோல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மீதி இடத்தில் ஈரக்காற்று நிறைகிறது. பெட்ரோலில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். 2023-ல் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அந்த அளவு எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. இரும்பு டேங்க்காக இருந்தால் துருவும் சேர்கிறது. கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய மெஷ் டிகாக்ஷன் வடித்த துணியின் நிறத்தில் இருக்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் மட்டும் கத்தி, காலையில் அமைதியாக இருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகத் துடிக்கும் நேரத்தில் அடைத்த மெஷ் வழியாக இழுக்கும்போது உள்ளே குமிழி உண்டாகிறது, அந்தக் குமிழிதான் சத்தம். கேஸ் கிட் போட்ட வண்டியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கேஸில் ஓடும்போது பம்ப் ரிலேயை கட் செய்யாமல் விட்டிருந்தால், வறண்ட டேங்க்கில் பம்ப் சும்மா ஓடியே கருகிப்போகும்.

இனி பாக்கெட்டைப் பிரிப்போம். உருளை வடிவ மோட்டார், மெஷ், அதை அழுத்திப் பிடிக்கும் பல்வைத்த வாஷர், அடியில் உட்காரும் ரப்பர் குஷன், வயர் கனெக்டர், ஒரு துண்டு ஓஸ், இரண்டு கிளிப். பாஷ், டென்சோ போன்ற தயாரிப்புகளில் மோட்டாரின் உடலிலேயே பார்ட் நம்பர் பொறித்திருக்கும், அதைப் பழைய மோட்டாரோடு ஒப்பிடுங்கள். பெயரே இல்லாத மோட்டார்கள் போட்ட அன்றைக்கு அமைதியாக இருந்தாலும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. விலை பாதியாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ரப்பர் குஷன் அற்பமாகத் தெரியும், ஆனால் சத்தத்தை அடக்குவதில் மோட்டாருக்கு அடுத்தபடி அதற்குத்தான் பங்கு. பழைய குஷன் ஊறி நொய்ந்திருந்தால் புது மோட்டாரும் மூடி வழியாகப் பாடியை அதிரவைக்கும்.

ஓஸ்தான் இந்த கிட்டின் பலவீனம். பெட்ரோல் உள்ளே ஓடுவதற்கான ஓஸ் வேறு, பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பதற்கான ஓஸ் வேறு. மேலே 'எஸ்.ஏ.இ ஜே30 ஆர்10' என்று அச்சிட்டதுதான் மூழ்கக்கூடியது. ஆர்9 என்று இருந்தால் அது டேங்க்குக்கு வெளியே இன்ஜெக்ஷன் லைனில் போட மட்டும். அச்சே இல்லாத ஓஸ் சில மாதத்தில் உப்பி, ஓரத்தில் கீறி, டேங்க்குக்குள்ளேயே பீச்சியடிக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பிக்கப் குறையும், புது மோட்டார் மீது பழி விழும். ஆர்10 ஓஸ் விலை அதிகம்தான், ஆனால் தேவைப்படுவது கையளவு துண்டு. கிளிப்பும் விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பாக இருக்கட்டும்; சாதாரண ஸ்க்ரூ கிளிப் ஓஸை வெட்டும்.

மாட்டும் வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினாலே மூடி தெரியும், சிலவற்றில் டேங்க்கையே இறக்க வேண்டும். கூலி அங்கேதான் மாறுகிறது, அதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கும் முன் மேலே இருக்கும் மண்ணையும் வைக்கோல் தூசியையும் துடைத்து எடுக்காவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள் விழும். பூட்டு வளையத்தைத் தட்ட பித்தளை அல்லது மரக்கட்டை. உளியும் இரும்புச் சுத்தியலும் தீப்பொறி தரும். மெஷ் பழையது பார்த்த அதே திசையில் உட்கார வேண்டும். திரும்பினால் டேங்க் கால்வாசியிலேயே பெட்ரோல் எட்டாமல் வண்டி இடறும். பழைய பல்வாஷரையும் மூடியின் சீலையும் திரும்பப் போடக் கூடாது. சீல் வெளியே எடுத்ததும் உப்பிவிடும், அழுத்தி மாட்டினால் பெட்ரோல் வாடை அடிக்கும். அந்தச் சீல் பெரும்பாலான கிட்களில் வருவதில்லை, தனியாகக் கேட்டு வாங்குங்கள். டேங்க் அடியில் துருவோ தண்ணீரோ தெரிந்தால் அதைக் கழுவாமல் புது மோட்டாரை இறக்குவது வீண்.

சரியாகப் போட்டால் சத்தம் முழுக்கப் போய்விடாது. சாவி போட்டதும் வரும் அந்த இரண்டு வினாடி ரீங்காரம் இருக்கும், ஓடும்போது கேபினுக்குள் கேட்காது. பெட்ரோல் முள்ளும் தாறுமாறாக ஆடுகிறது, அல்லது மூடியின் பிளாஸ்டிக் பைப்பில் விரிசல் இருக்கிறது என்றால் கிட் வேண்டாம், முழு அசெம்பிளியே எடுங்கள். நல்ல மோட்டார் உள்ள கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைத்த ஒரு மதிப்பெண் ஓஸுக்காக. எலெக்ட்ரிக்கல் சாமானைப் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதனால் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய், கனெக்டரும் விட்டமும் மெஷ்ஷின் வாயும் பொருந்துவதை கவுன்டரிலேயே பார்த்து, பில்லில் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள்.